மில்லுத் தூண் மூட்டில வெடிப்பு: ஒட்டுறதுக்கு முதல் அதிர்வைப் பிடியுங்கோ (முழு வழிகாட்டி)

பரந்தன், முரசுமோட்டை, புதுக்குடியிருப்பு, வவுனியா எண்டு எங்க பாத்தாலும் இப்ப நெல்லு மில்லுகள் இரும்புச் சட்டத்திலதான் எழும்புது. கீழ தூண், மேல பீம், பீமுக்கு மேல சல்லடை, கல் பிரிக்கிற டீஸ்ரோனர், உமி இழுக்கிற புளோவர், பக்கத்தில எலிவேற்றர். முதல் ஒண்டு ரெண்டு போகம் ஒண்டும் தெரியாது, பிறகு பாத்தா பீம் வந்து தூணில சேர்ற இடத்தில பெயின்ட் மயிரிழையாப் பிளந்து அதுக்குள்ளால துரு வழிஞ்சிருக்கும். உடன வெல்டிங்காரரைக் கூப்பிட்டு வெடிப்புக்கு மேலயே ஒரு ஓட்டம் ஒட்டி, கிரைண்டர் போட்டு, பெயின்ட் அடிச்சு மூடி விடுறதுதான் வழமை. அடுத்த போகம் அதே இடத்தில, இல்லாட்டி அரை அங்குலம் தள்ளித் திரும்ப வெடிக்கும், பிறகு வெல்டிங்காரருக்குத்தான் பேச்சு. கன நேரங்களில அவரில பிழையே இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே விளங்கும். இலங்கைக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், 4 போல் மோட்டர் லோட்டில நிமிசத்துக்கு 1440 சுத்து அளவில ஓடும், அதாவது செக்கனுக்கு 24. அந்த மோட்டரில நேர பூட்டின புளோவர் சமநிலை கெட்டிருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் ஒருக்கா மூட்டை இழுத்து விடும் (பெல்ட்டில ஓடுறதெண்டா புல்லிக் கணக்கைப் போட்டு எடுங்கோ). மணித்தியாலத்துக்கு 86,400 தரம். யூரோகோட் 3 (இரும்புக் கட்டடத்துக்கான ஐரோப்பிய விதிநூல்) ஒட்டு மூட்டுகளைத் தரம் பிரிக்கிறதே 20 இலட்சம் தரம் ஆடினா என்ன தாங்கும் எண்ட கணக்கில, அந்த 20 இலட்சம் இஞ்ச 23 மணித்தியாலத்திலயே வந்திடும். பாலத்துக்கெண்டா லொறி ஏறி இறங்கித்தான் ஆட்டம் சேரும், அதுக்கு வருசக்கணக்கு எடுக்கும். எங்கட மில்லுத் தூண் அறுவடைக் காலத்தில ரெண்டு நாளில முடிச்சுப் போடும்.

இன்னொண்டு, கட்டின இரும்பு நல்ல தரமான இரும்பு எண்டு ஆறுதல் பட ஏலாது. சாதாரண இரும்பு வளைய 250 மெகாபஸ்கால் வேணும், ஆனா வேர்ப்பக்கத்தால, அதாவது உள் அடியால, வெடிக்கிற பில்லட் ஒட்டுக்கு (ரெண்டு தகடு சேர்ற மூலையில போடுற ஒட்டு) அதே யூரோகோட் 20 இலட்சம் ஆட்டத்தில குடுக்கிறது வெறும் 36. கூடின பலமுள்ள இரும்பு வாங்கிக் கட்டினாலும் ஒட்டுக்கு அந்த 36 தான். முதல் உதவிற விசயம் ஆட்டத்தைக் குறைக்கிறது. மூட்டில வாற தகைப்பு வீச்சை (ஒவ்வொரு ஆட்டத்திலயும் இழுவை ஏறி இறங்கிற அளவு) பாதியாக்கினா ஆயுள் ரெண்டு மடங்கில்லை, 8 மடங்கு கூடும். அதாலதான் இந்த வழிகாட்டியில வெல்டிங் ரொட் நடுவிலதான் வருது.

முதல் வேலை: நிப்பாட்டு, முட்டுக் குடு

வெடிப்பு ஒட்டுக்குள்ள மட்டும் இருக்கோ, இல்லை ஒட்டை விட்டு தூணின்ர தகட்டுக்குள்ள இறங்கிட்டுதோ எண்டு முதல் பாருங்கோ. தூண் தகட்டுக்குள்ள, இல்லாட்டி பீமின்ர கீழ்த் தகட்டுக்குள்ள போயிருந்தா அண்டைக்கே மெசின் நிக்க வேணும், மூடை வேலை முடியட்டும் எண்ட கதை வேண்டாம். ஹொப்பருக்குள்ள கிடக்கிற நெல்லை இறக்குங்கோ, அதுவே தொன் கணக்கில பாரம். பிறகு பீமுக்குக் கீழ இரும்பு முட்டு வைச்சு ஜக்கால மெல்ல இறுக்கி, பாரம் முட்டுக்கு மாறினதை உறுதிப்படுத்துங்கோ. முட்டின்ர அடி வெறும் மண்ணில நிக்கக் கூடாது, பலகையோ தகடோ போட வேணும், மாரி முடிஞ்ச கையோட எங்கட களி மண் எப்பிடிப் புதையும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முட்டு ஏன் இவ்வளவு முக்கியமெண்டா, ஒட்டேக்கை அந்த இடத்தில இரும்பு இளகும். 600 டிகிரியில இரும்பு தன்ர பலத்தில பாதிக்கும் குறையத்தான் வைச்சிருக்கும். பாரத்தோட நிக்கிற தூணைக் குறுக்கால வெட்டி ஒட்டுறது உயிரோட விளையாடுற வேலை. மேல ஆக்கள் நிண்டு வேலை செய்யிற சட்டமெண்டா ஒரு பட்டயப் பொறியியலாளர் வந்து பாத்துக் கையெழுத்து வைக்காமல் தொட வேண்டாம். கிளிநொச்சி அறிவியல் நகரில பொறியியல் பீடமே இருக்கு, அங்க படிச்சு வந்த பிள்ளைகளும் இப்ப ஊருக்குள்ள இருக்கினம், விசாரிச்சா ஆள் கிடைக்கும்.

வெடிப்பின்ர நுனியைத் தேடுறது

கண்ணுக்குத் தெரியிறது வெடிப்பின்ர ஒரு பகுதிதான். பெயின்டையும் துருவையும் கம்பி பிறஷ்ஷால எடுங்கோ, கிரைண்டரால ஆழமாச் சுரண்ட வேண்டாம், இரும்பு இழுபட்டு வெடிப்பின்ர வாயை மூடிப் போடும். பிறகு டை பெனட்ரன்ட் (வெடிப்பைக் காட்டிக் குடுக்கிற சாயம்), மூண்டு டின் செட்டா விக்கும். கிளீனரால துடைச்சு, சிவப்பை அடிச்சு 10 நிமிசத்துக்குக் குறையாமல் விட்டு, கிளீனர் நனைச்ச துணியால துடைச்சு (கிளீனரை நேர அடிச்சா வெடிப்புக்குள்ள போனதும் கழுவுப்பட்டுப் போகும்), வெள்ளை டெவலப்பரை மெல்லிசா அடிச்சா சிவப்புக் கோடு எழும்பி வரும். இதுக்கு இரும்பின்ர சூடு 50 டிகிரிக்குக் கீழ இருக்க வேணும். வைகாசி வெய்யில் மத்தியானத்தில வெளித் தூணைக் கையால தொட ஏலாது, அதால விடியப்புறமே செய்து முடியுங்கோ. டின் கிடைக்காட்டி பழைய முறை இருக்கு, மண்ணெண்ணெய் பூசி ஊற விட்டு, வடிவாத் துடைச்சு, சோக்குத் தூள் பூசினா பெரிய வெடிப்பு ஈரக் கோடாத் தெரியும், நுணுக்கமானது அதில பிடிபடாது.

இப்ப இந்தக் கோடு எந்த இடத்தில நிக்குது எண்டதை வடிவாப் பாருங்கோ, முழு வேலையும் இதிலதான் தங்கியிருக்கு. ஒட்டு முடிஞ்சு தகடு தொடங்கிற ஓரத்தில, ஓரம் வழிய ஓடுதெண்டா அது ஒட்டின்ர கால்ப்பக்கத்தால தொடங்கின வெடிப்பு, தகடு வளையிறதால வாறது. ஒட்டின்ர முதுகில, நடு வழிய நீளமா ஓடுதெண்டா அது உள்ளுக்க வேரில தொடங்கி வெளியில வந்தது, ஒட்டு சின்னன் இல்லாட்டி உள்ளுக்க இறங்கேல்லை எண்டு அர்த்தம். கால்ப்பக்க வெடிப்பை வெளியால நிண்டு திருத்தலாம். வேர் வெடிப்பை வெளியால எவ்வளவு வடிவா ஒட்டினாலும் உள்ளுக்க அந்த இடைவெளி அப்பிடியேதான் கிடக்கும், திரும்ப அங்கயிருந்துதான் கிளம்பும். ஒட்டு ஓட்டத்தில கண்ணுக்கு வடிவா, அடுக்கடுக்கா இருக்கிறதைப் பாத்து ஏமாற வேண்டாம்.

அதிர்வு எங்கயிருந்து வருது

இதுக்கு விலை கூடின மெசின் தேவையில்லை. ஜேர்மனியில ஆஹன் பல்கலைக்கழகத்தில செய்த ஃபைஃபொக்ஸ் எண்ட அப் ஒண்டு இலவசமா இருக்கு, அதில முடுக்கத்தின்ர ஸ்பெக்ட்ரம் பாக்கிற பகுதியைத் திறந்து, போனைக் கவர் கழட்டி, பீமில ரெட்டைப் பக்க ரேப்பால இறுக்க ஒட்டுங்கோ. மெசினை ஓட விட்டா எந்த ஹேர்ட்ஸில மேடு எழும்புதெண்டு தெரியும். 24 எண்டா 1440 சுத்துக்காரன், 16 எண்டா 960 சுத்தில ஓடுற 6 போல் மோட்டர். ஒண்டொண்டா நிப்பாட்டிப் பாத்தா ஆள் பிடிபட்டிடும்.

அடுத்து எல்லா மெசினையும் நிப்பாட்டிப் போட்டு, ரப்பர் சுத்தியலால இல்லாட்டி மரக் கட்டையால பீமில ஒருக்கா அடியுங்கோ. இப்ப எழும்பிற மேடு சட்டத்தின்ர சொந்த ஆட்டம். ரெண்டு இலக்கமும் கிட்டக் கிட்ட இருந்தா, சொல்லுவம் சட்டம் 15, மெசின் 16, அதுதான் உங்கட வெடிப்பின்ர காரணம், சின்னத் தள்ளு பெரிய ஆட்டமாகுது. போன் இல்லாமலும் ஒரு அடையாளம் இருக்கு. மெசினை நிப்பாட்டேக்கை, சுத்து குறைஞ்சு வாற ஒரு கட்டத்தில சட்டம் முழுக்க ஒருக்கா உதறிப் போட்டு அடங்குதெண்டா, சட்டத்தின்ர சொந்த ஆட்டம் மெசின் வேகத்துக்குக் கீழ எங்கயோ நிக்குது. ஒவ்வொரு முறை கரண்ட் போகேக்கையும் தூண் அந்த உதறலை வாங்குது.

மில்லில நான் முதல் சந்தேகப்படுறது உமிப் புளோவரைத்தான். உமியில சிலிக்கா இருக்கு, அரம் போட்ட மாதிரி இறக்கையைத் தின்னும், எல்லா இறக்கையையும் ஒரே அளவாத் தின்னாது. தவிட்டுப் புளோவரிலயோ மாறி, தூள் ஒரு பக்கமா அப்பிக் காய்ஞ்சு போகும். ரெண்டிலயும் சமநிலை போயிடும். பிறகு பெயாரிங், வளைஞ்ச புல்லி, தளர்ந்த மோட்டர் போல்ட், எலிவேற்றர் பெல்ட்டில உடைஞ்ச வாளி. சல்லடையில ரெண்டு அதிர்வு மோட்டர் இருந்தா, ரெண்டினதும் எடைத் துண்டுகள் ஒரே கோணத்தில இருக்கோ எண்டு மூடியைக் கழட்டிப் பாக்க வேணும்.

ஆட்டத்தைக் குறைக்கிறது

முதல் கனக்கக் காசு போகாத வேலை. இறக்கையைச் சுரண்டிக் கழுவுறது, தேய்ஞ்சதை மாத்திச் சமநிலைப்படுத்துறது, பெயாரிங் மாத்துறது, போல்ட் இறுக்கிறது. கன மில்லுகளில அரைவாசி ஆட்டம் இதிலயே போயிடும்.

பத்தாட்டி மெசின் வேகத்தையும் சட்டத்தின்ர சொந்த ஆட்டத்தையும் ஒண்டுக்கொண்டு 20, 30 வீதமாவது விலக்க வேணும். பெல்ட் மெசினெண்டா புல்லி மாத்தி வேகத்தை மாத்தலாம், ஆனா அரிசி உடைவு கூடுதோ எண்டும் பாக்க வேணும். இல்லாட்டிச் சட்டத்தை விறைப்பாக்கிறது. சொந்த ஆட்டம் விறைப்பின்ர வர்க்கமூலத்தோடதான் ஏறும், 15 இல நிக்கிறதை 21 க்குக் கொண்டு போக விறைப்பு ரெண்டு மடங்காக வேணும். தூணுக்கு மேல தகடு தகடா ஒட்டி அதை எடுக்க ஏலாது. தூணுக்கும் தூணுக்கும் இடையில அங்கிள் அயனால குறுக்குச் சட்டம் போட்டா லேசா வரும்.

ரயர்த் துண்டு வைக்கிறதைப் பற்றி ஒரு சொல். மெசினுக்குக் கீழ பழைய ரயரை வெட்டி வைச்சா அதிர்வு குறையும் எண்டு எல்லாரும் நம்பினம். மெசினின்ர பாரத்தில ரப்பர் 1 மி.மீ. அமத்துப்பட்டா, மெசினும் ரப்பரும் சேர்ந்து 16 ஹேர்ட்ஸ் அளவில ஆடும். 960 சுத்தில ஓடுற மெசினுக்கு அது சரியா 16. குறைக்கிறதுக்கு வைச்சது ஆட்டத்தைப் பெருக்கும். அந்த வேகத்துக்கு 10 மி.மீ. அளவில அமத்துப்படுற ஸ்பிரிங் வேணும், அப்பத்தான் 5 ஹேர்ட்ஸுக்கு இறங்கும். 1440 சுத்துக்கு 4 மி.மீ. காணும்.

தூணின்ர அடியையும் விட வேண்டாம். பேஸ் பிளேட்டுக்கும் கொன்கிரீட்டுக்கும் இடையில மெல்லிய தகட்டுத் துண்டு உள்ளுக்க போகுதோ எண்டு சுத்தி வரப் பாருங்கோ. போனா அந்த மூலை காத்தில நிக்குது, மேல மூட்டில வாற வெடிப்புக்கு அதுவும் ஒரு காரணம். சுருங்காத கிரவுட் (சீமெந்துக் கலவை) ஊத்தி, காய்ஞ்ச பிறகு போல்ட் இறுக்கி, இரட்டை நட் போடுங்கோ. ஸ்பிரிங் வொஷரை நம்பாதேங்கோ, அதிர்வில அது நட்டைப் பிடிக்காது.

ஒட்டுறதுக்கு முதல் இரும்பைப் பாருங்கோ

சண்டைக் காலத்தில வவுனியாவுக்கு அங்கால தண்டவாளம் கழட்டுப்பட்டு பங்கருக்குப் போனது வன்னியில எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. 2013 செப்டெம்பரில கிளிநொச்சிக்கு ரயில் திரும்ப வந்தது புதுப் பாதையில. பழைய துண்டுகளில தூண், முட்டு எண்டு நிண்டதுகளும் உண்டு. தண்டவாள இரும்பில காபன் கன மடங்கு கூட, சாதாரணமா ஒட்டினா ஒட்டுக்குப் பக்கத்தில கண்ணாடி போல விறைச்சு வெடிக்கும். பழைய இரும்பெண்டா கிரைண்டரைப் பிடிச்சுப் பொறியைப் பாருங்கோ. மைல்ட் ஸ்டீல் நீளக் கோடாப் போகும், வெடிச்சுப் பிரியிறது குறைவு. காபன் கூடினதில பொறி கட்டை, கிட்டவே வெடிச்சு வெடிச்சுப் பூவாச் சிதறும். அப்பிடிச் சிதறினா அந்தத் தூணை ஒட்டித் திருத்த நினைக்காமல் மாத்துறதுதான் புத்தி.

தோண்டி எடுத்து ஒட்டுறது

உடன வேலை தொடங்க ஏலாட்டி, தற்காலிகமா வெடிப்பின்ர நுனியில ஓட்டை போடலாம். நுனி ஓட்டைக்குள்ள விழ வேணும், 20 மி.மீ. அளவில, உள் விளிம்பு வழுவழுப்பா. திரும்ப டை அடிச்சு நுனி தப்பிப் போகேல்லை எண்டு பாருங்கோ. ஓட்டைக்குள்ள ஒரு போல்டை நல்லா இறுக்கி விட்டா இன்னும் நல்லது. இது அறுவடை முடியும் வரைக்குமான வழி, திருத்தமில்லை.

திருத்தத்துக்கு வெடிப்பை முழுக்கத் தோண்டி எடுக்க வேணும். அமெரிக்க வெல்டிங் கோட் டி1.1 சொல்லுறது, ரெண்டு நுனிக்கும் அங்கால 50 மி.மீ. நல்ல இரும்பையும் சேர்த்து எடு எண்டு. கிரைண்டரால தோண்டேக்கை அடி கூராக இல்லாமல் உருண்டையா, ரொட் உள்ளுக்க போய் வரக்கூடிய அகலமா இருக்கட்டும். தோண்டின பிறகு திரும்ப டை. சிவப்பு வந்தா இன்னும் தோண்டு. இந்த இடத்திலதான் கன பேர் பொறுமை இழந்து ஒட்டத் தொடங்கிறவை. வேர் வெடிப்பெண்டா பில்லட்டை முழுக்க எடுத்து, பீம் தகட்டுக்கு சரிவு வெட்டி, முழு ஆழத்துக்கும் ஒட்டு இறங்கிற மாதிரிச் செய்ய வேணும். பின்னால பக்கிங் பட்டை (உருகினது வழியாமல் தாங்கிற இரும்புப் பட்டை) வைச்சு ஒட்டினா முடிவில அதை எடுத்து, அடியைத் தோண்டித் திரும்ப ஒட்டுங்கோ. 1994 இல அமெரிக்காவில நோர்த்ரிட்ஜ் பூமியதிர்ச்சியில தூண்-பீம் ஒட்டுகள் வெடிச்சதுக்கு சொன்ன காரணங்களில அப்பிடி விட்ட பட்டையும் ஒண்டு. அது வேற மாதிரி ஆட்டம், ஆனா பட்டைக்குப் பின்னால இருக்கிற பிளவு ரெண்டு ஆட்டத்துக்கும் ஒண்டுதான்.

ரொட் 7018, ஐதரசன் குறைஞ்ச வகை. கடையில லேசாக் கிடைக்கிற 6013 கேற்றுக்கும் கிறில்லுக்கும் நல்லது, இதுக்கு வேண்டாம். 7018 ஈரத்தைக் குடிச்சா ஒட்டுக்குள்ள ஐதரசன் போய் அடுத்த நாள் வெடிக்கும், அதால பக்கெற் உடைச்சு 4 மணித்தியாலத்துக்கு மேல வெளியில கிடந்த ரொட்டைத் திரும்ப அவணில 350 டிகிரி அளவில ரெண்டு மணித்தியாலம் காய வைக்க வேணும். பேக்கரி அடுப்பில வைச்சா என்ன எண்டு கேக்கிற ஆக்கள் இருக்கினம், பாண் வேகிற சூடு இதுக்குக் காணாது. புதுப் பக்கெற்றை உடைச்சு கெதியா முடிக்கிறது சுகம்.

டிசி, ரொட் பிளஸ்ஸில. 3.2 மி.மீ. ரொட்டுக்கு 100 இலிருந்து 140 அம்பியர் வரை, நெட்டுக்கு ஒட்டேக்கை கீழ்ப்பக்க அளவு. கீழயிருந்து மேல ஒட்டுங்கோ, மேலயிருந்து இழுத்தா கெதியா முடியும், உள்ளுக்க இறங்காது. பின்னேரத்தில ஊரில வோல்ட் விழும், நீட்டு வயரில இன்னும் விழும், நல்ல ஜெனரேற்றர் இருந்தா அதிலயே போங்கோ. மெல்லிய தகட்டுக்குச் சூடேற்றல் கட்டாயமில்லை, ஆனா இறுகப் பிடிச்சு நிக்கிற மூட்டில 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கினா ஈரமும் போகும், இழுவையும் குறையும். சின்னச் சின்ன ஓட்டமா, ரெண்டு பக்கமும் மாறி மாறி. மூலையில தொடங்கவோ முடிக்கவோ வேண்டாம், வளைச்சுச் சுத்திக் கொண்டு போங்கோ.

ஏர்த் கிளாம்பை ஒட்டிற இடத்துக்குக் கிட்டவே பிடியுங்கோ. எங்கயோ தூர மெசின் சட்டத்தில பிடிச்சா கரண்ட் பெயாரிங்குக்குள்ளால போய் அதைச் சுட்டுப் போடும், பிறகு அதிர்வைக் குறைக்கப் போய் புது அதிர்வை வாங்கினதாகும். கொன்றோல் பனலின்ர லைனையும் கழட்டி விடுங்கோ. தவிட்டுத் தூசு பத்தும், காத்தில பறக்கேக்கை வெடிக்கவும் செய்யும், உமி புகையாமலே உள்ளுக்க கனன்று கொண்டு கிடக்கும். சுத்தி வரக் கூட்டி நனைச்சு, வேலை முடிஞ்சு ஒரு மணித்தியாலமாவது ஒரு ஆள் தண்ணியோட காவல் நிக்க வேணும்.

ஓரத்தை மழிக்கிறதும் மூட்டின்ர வடிவமும்

ஒட்டு ஆறின பிறகு, கால்ப்பக்க ஓரத்தைச் சின்ன பர் பிட்டால அரை மி.மீ. ஆழத்துக்கு உருண்டையாத் தேச்சு விட்டா மூட்டு தாங்கிற தகைப்பு வீச்சு 1.3 மடங்கு கூடும் எண்டு சர்வதேச வெல்டிங் நிறுவகம் கணக்கில எடுக்குது. ஆயுளில பாத்தா அது ரெண்டு மடங்குக்கு மேல. தேய்ச்ச கீறல்கள் ஒட்டு வழிய நீளமா இருக்கக் கூடாது, ஒட்டுக்குக் குறுக்கால போக வேணும். வேர் வெடிப்புக்கு இந்த வேலை ஒரு சதத்துக்கும் உதவாது.

வடிவத்தில முதல் பாக்க வேண்டியது, பீமின்ர மேல் கீழ்த் தகடுகளுக்கு நேர, தூணுக்குள்ள குறுக்குத் தகடு இருக்கோ எண்டது. இல்லாட்டித் தூண் தகடு உள்ளுக்கும் வெளிக்கும் வளைஞ்சு ஒட்டின்ர நடுப்பகுதி மட்டும் பாரத்தை வாங்கும், வெடிப்பும் நடுவிலதான் தொடங்கும். தகடு போடுறது நல்ல வைத்தியம். பீமுக்கும் தூணுக்கும் இடையில மூலையில முக்கோணத் தகடு ஒட்டிறது அப்பிடியில்லை, வெடிப்பு அந்த முக்கோணத்தின்ர நுனிக்கு மாறும், அவ்வளவுதான். போடத்தான் வேணுமெண்டா நுனியை வளைவா வெட்டி மெல்ல முடிய விடுங்கோ. விட்டு விட்டு ஒட்டுற துண்டு ஒட்டும் இந்த இடத்தில வேண்டாம், ஒவ்வொரு துண்டின்ர முடிவும் ஒரு வெடிப்பின்ர தொடக்கம்.

ஓட விட்ட பிறகு

ஒட்டி ஒரு நாள் விட்டு டை அடிச்சுப் பாத்து, சரியெண்டாத்தான் பீமுக்குக் கீழ வைச்ச இரும்பு முட்டுகளை எடுக்கிறது. மூட்டுக்கு வெள்ளைப் பெயின்ட் மெல்லிசா அடியுங்கோ, துருக் கோடு தூரத்திலயே தெரியும். போனை அதே இடத்தில ஒட்டித் திரும்ப அளந்து பழைய இலக்கத்தோட ஒப்பிடுங்கோ, ஆட்டம் குறையேல்லை எண்டா ஒட்டு எவ்வளவு நல்லாயிருந்தாலும் திரும்பத்தான் போகுது. 24 மணித்தியால ஓட்டத்துக்குப் பிறகு நிப்பாட்டிப் பாருங்கோ, 1440 சுத்து மெசினெண்டா 20 இலட்சம் அதுக்குள்ள தாண்டியிருக்கும். பிறகு ஒரு கிழமையில, அதுக்குப் பிறகு காலபோக வெட்டுக்கு முதலும் சிறுபோக வெட்டுக்கு முதலும். அதே மூட்டு ரெண்டாம் தரமும் வெடிச்சா திரும்ப ரொட்டைத் தூக்க வேண்டாம், அந்தத் துண்டை வெட்டி எறிஞ்சு, பொறியியலாளர் போட்டுத் தாற கணக்கில 8.8 தரப் பலமான போல்ட் இறுக்கிப் பூட்டிற மூட்டா மாத்துங்கோ.